கேட்காமல் கிடைக்கும் இடம்

(டெங்கிலில் ஐந்தாம் படிவ மாணவர்களும் பெற்றோர்களும் கூடிய அவையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பின்வரிசையில் இடம் பிடித்து உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளே, எழுந்து முன்னால் வாருங்கள். இன்றைக்குப் பேசப்போவது உங்கள் வாழ்க்கையைப் பற்றி. நீங்கள் பின்னால் இருந்துகொண்டு அப்பா அம்மா மட்டும் கேட்டால், முடிவையும் அவர்களே எடுத்துவிடுவார்கள்.

நான் கிள்ளானிலிருந்து வருகிறேன். முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆறாம் படிவத்தில் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவன். பந்திங் வழியாக இங்கே வரும்போது ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். டெங்கிலை நடுவில் வைத்து ஒரு வட்டம் போடுங்கள். செர்டாங்கில் புத்ரா பல்கலைக்கழகம் இருக்கிறது. 1931இல் வேளாண்மைப் பள்ளியாகத் தொடங்கியது அது. பாங்கியில் தேசியப் பல்கலைக்கழகம். சைபர்ஜெயாவில் மல்டிமீடியா பல்கலைக்கழகம். காஜாங் பக்கம் தெனாகா பல்கலைக்கழகம். புத்ராஜெயாவில் ஸ்காட்லாந்தின் ஹெரியட்-வாட் பல்கலைக்கழகத்தின் வளாகம். சாலாக் திங்கி பக்கம் 2016இல் திறந்த சியாமென் பல்கலைக்கழகம். சீனாவின் பல்கலைக்கழகம் ஒன்று வெளிநாட்டில் கட்டிய பெரிய வளாகம் அது. இந்த நாட்டில் இத்தனை உயர்கல்விக் கூடங்கள் சூழ்ந்த சிற்றூர் வேறு எது என்று எனக்குச் சட்டென்று தோன்றவில்லை.

இந்த வட்டத்துக்குள் இருந்த நிலம் முன்பு என்னவாக இருந்தது என்று இங்கே உள்ள பெரியவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பிராங் பெசார், காலோவே, செட்ஜ்லி, மேடிங்லி. நான்கு தோட்டங்களின் பெயர்கள். புத்ராஜெயா கட்டுவதற்காக அந்தத் தோட்டங்களை விட்டு எழுந்து வந்தவர்கள்தான் இங்கே தாமான் பெர்மாத்தா அடுக்குமாடியில் குடியேறினார்கள். இந்த அவையில் அந்தக் குடும்பங்களின் பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள். தாத்தா பால் வெட்டிய மண்ணைச் சுற்றிப் பல்கலைக்கழகங்கள் நிற்கின்றன. பேரன் அவற்றின் வாசலுக்குள் நுழைவானா என்பது ஐந்தாம் படிவத்தில் அவன் எழுதும் எஸ்.பி.எம். தேர்வின் முடிவு வந்த சில வாரங்களில் எடுக்கும் முடிவைப் பெரிதும் பொறுத்திருக்கிறது. அந்தச் சில வாரங்களைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

பிராங் பெசார் தோட்டத்துக்கு இன்னொரு பெருமையும் உண்டு. ரப்பர் ஆராய்ச்சியில் உலகம் அறிந்த பெயர் அது. 'பி.பி.' என்ற எழுத்துகளோடு எண் சேர்த்துச் சொல்லும் ஒட்டு ரகங்கள், பி.பி. 86 போன்றவை, அந்தத் தோட்டத்தில் பிறந்தவை. நல்ல மரத்தின் குருத்தை எடுத்து நாற்றில் ஒட்டுக்கட்டி நட்டால் அதிலிருந்து பால் வர ஐந்தாறு ஆண்டுகள் ஆகும். தவறான ரகத்தை ஒட்டினால் அது தெரியவும் அதே ஐந்தாறு ஆண்டுகள் ஆகும். அதனால் ஒட்டுக்கட்டும் நாளில் அவசரப்பட மாட்டார்கள் என்று பழைய தோட்டத்துக்காரர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். நம் வீடுகளிலோ, பதினேழு வயதுப் பிள்ளையின் படிப்பை, தேர்வு முடிவு வந்த ஒரு வாரத்துக்குள், பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார் என்று, கண்காட்சியில் ஒருவர் கையெழுத்து வாங்கிக்கொண்டார் என்று முடித்துவிடுகிறோம்.

இந்தத் தலைமுறைப் பிள்ளைகளுக்கு ஒரு சிரமம் கூடுதலாக இருக்கிறது. நாங்கள் படித்த காலத்தில் தொடக்கப்பள்ளியில் ஒரு தேர்வு, மூன்றாம் படிவத்தில் ஒரு தேர்வு என்று இரண்டு முறை எங்களை நாங்களே எடை போட்டுப் பார்த்துவிடுவோம். ஆறாம் ஆண்டின் யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021இல் நின்றது. மூன்றாம் படிவத்தின் பி.டி.3 தேர்வு 2022இல் நின்றது. தேர்வுச் சுமை குறைந்ததில் நன்மை உண்டு, மறுக்கவில்லை. ஆனால் இன்று ஐந்தாம் படிவத்தில் உட்கார்ந்திருக்கும் பிள்ளை சந்திக்கும் முதல் பெரிய பொதுத்தேர்வே எஸ்.பி.எம்.தான். தனக்கு எது வரும், எது வராது என்று நாடு தழுவிய அளவில் ஒருமுறைகூட அளந்து பார்க்காத பிள்ளையிடம், 'நீ என்ன ஆகப் போகிறாய்' என்று கேட்கிறோம். அது போதாதென்று, 2020 முதல் நான்காம் படிவத்தில் அறிவியல் பிரிவு, கலைப் பிரிவு என்ற பழைய பிரிவினை போய்ப் பாடத்தொகுப்பு வந்துவிட்டது. பாடத்தொகுப்பைத் தேர்ந்தெடுத்தபோதே சில வழிகள் திறந்தும் சில வழிகள் மூடியும் விட்டன. கூடுதல் கணிதமும் வேதியியலும் எடுக்காத பிள்ளை மெட்ரிகுலேஷன் என்ற முன்பல்கலைக்கழகப் படிப்பில் அறிவியல் கேட்க முடியாது. இது எஸ்.பி.எம். முடிவு வந்த பிறகு தெரிந்து என்ன பயன்? நான்காம் படிவப் பிள்ளைகளை வைத்திருக்கும் பெற்றோர்கள் இதை இன்றே குறித்துக்கொள்ளுங்கள்.

சரி, வழிகளுக்கு வருவோம். நம் வீடுகளில் முதலில் வரும் பெயர் மெட்ரிகுலேஷன். அதற்குக் காரணமும் இருக்கிறது. ஓராண்டுப் படிப்பு, தங்குமிடம் உண்டு, படிப்புச் செலவு குறைவு, கையில் உதவித்தொகை, முடித்தால் அரசாங்கப் பல்கலைக்கழகம். நமக்கு மிக அருகில் உள்ளது குவாலா லங்காட் மாவட்டத்தில் பந்திங் பக்கம் இருக்கும் சிலாங்கூர் மெட்ரிகுலேஷன் கல்லூரி. ஆனால் பக்கத்துக் கல்லூரியே கிடைக்கும் என்று எண்ணிக்கொண்டு இருக்காதீர்கள். ஜொகூரிலோ பகாங்கிலோ கெடாவிலோ இடம் வரலாம்.

மெட்ரிகுலேஷன் நம் சமூகத்தில் ஏன் இவ்வளவு உணர்ச்சிகரமான சொல்லாகிவிட்டது என்று பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். முதலில் அது மலாய்க்காரர்களும் பூர்வக்குடிகளுமான பூமிபுத்ரா மாணவர்களுக்கு மட்டுமே இருந்தது. 2003ஆம் ஆண்டுவாக்கில் பத்து விழுக்காட்டு இடம் மற்றவர்களுக்குத் திறந்தது. 2012இல் இந்திய மாணவர்களுக்கு 1,500 இடம் என்ற அறிவிப்பு வந்தது. பின்னர் அது 2,200 ஆனது. 2019இல் மொத்த இடங்களை 25,000இலிருந்து 40,000 ஆக உயர்த்தினார்கள். ஆனால் தொண்ணூறுக்குப் பத்து என்ற விகிதம் அப்படியே இருந்தது. 2024 ஜூன் மாதம் பிரதமர் டத்தோ ஶ்ரீ அன்வார் இப்ராஹிம், எஸ்.பி.எம்.மில் பத்து 'ஏ'வும் அதற்கு மேலும் எடுத்த மாணவர் எந்த இனத்தவராக இருந்தாலும் மெட்ரிகுலேஷனில் இடம் உண்டு என்று அறிவித்தார்.

அது நல்ல மாற்றம். வரவேற்கிறேன். ஆனால் பெற்றோர்களே, பத்துப் பாடம் எடுத்துப் பத்திலும் 'ஏ' வாங்கும் பிள்ளை இந்த அறையில் எத்தனை பேர்? நம் பிள்ளைகளில் பெரும்பாலோர் ஆறு 'ஏ', ஏழு 'ஏ', நான்கு 'ஏ' மூன்று 'பி' என்று வருகிறவர்கள். ஒன்பது பாடம் மட்டுமே எடுத்து ஒன்பதிலும் 'ஏ' வாங்கிய பிள்ளைகளும் இருக்கிறார்கள். அவர்களுக்கு அந்த உறுதி இல்லை. கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். ஒவ்வோர் ஆண்டும் நாளிதழ்களில் வரும் செய்தி உங்களுக்குத் தெரியும்: இத்தனை 'ஏ' எடுத்தும் மெட்ரிகுலேஷன் கிடைக்கவில்லை, மேல்முறையீடு செய்கிறோம், தலைவர்கள் உதவ வேண்டும். அந்தப் பிள்ளையின் முகத்தைப் படத்தில் பார்க்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு வலிக்கும். உரிமையைக் கேட்க வேண்டியதுதான். மேல்முறையீடும் செய்யுங்கள். ஆனால் மேல்முறையீட்டின் பதிலுக்காக மாதக்கணக்கில் பிள்ளையை வீட்டில் உட்கார வைக்காதீர்கள்.

இதே டெங்கிலில் ஒரு முன்பல்கலைக்கழக வளாகம் இருப்பது உங்களுக்குத் தெரியும். யு.ஐ.டி.எம். பல்கலைக்கழகத்தின் அடித்தளக் கல்வி மையம். அறிவியல், பொறியியல், சட்டம், ஆங்கிலம் கற்பித்தல் என்று பல துறைகளுக்கான அடித்தளப் படிப்பு அங்கே நடக்கிறது. அது பூமிபுத்ரா மாணவர்களுக்கான பல்கலைக்கழகம். ஆகவே நம் பிள்ளைகள் அந்த வாசலைக் கடந்துதான் பேருந்து பிடிக்க வேண்டும். இதைச் சொல்வது யார்மீதும் கோபம் மூட்டுவதற்காக அல்ல. நமக்குத் திறந்திருக்கும் வழிகளைத் துல்லியமாக அறிந்துகொள்ள வேண்டிய கட்டாயம் நமக்கு மற்றவர்களைவிட அதிகம். ஒரு வழி தவறினால் இன்னொன்று என்று பிடித்துக்கொள்ள நமக்கு அத்தனை வழிகள் இல்லை. தகவல் தெரியாத குடும்பம்தான் இதில் அதிகம் இழக்கிறது.

இப்போது நான் வந்த காரணத்துக்கு வருகிறேன்.

எஸ்.பி.எம். முடிவு வந்த பிறகு கல்வி அமைச்சின் தளத்தில் உங்கள் பிள்ளையின் அடையாள அட்டை எண்ணைப் போட்டுப் பாருங்கள். தகுதி இருந்தால், இன்ன பள்ளியில் ஆறாம் படிவத்தில் இடம் என்று வரும். நீங்கள் விண்ணப்பம் போட்டிருக்க மாட்டீர்கள். யாருடைய சிபாரிசும் தேவைப்பட்டிருக்காது. எந்த இனம் என்ற கேள்வியும் எழுந்திருக்காது. இந்த நாட்டில் ஒரு தமிழ்ப் பிள்ளைக்குக் கேட்காமலே கிடைக்கும் பல்கலைக்கழக வழி இது ஒன்றுதான். கேட்காமல் கிடைப்பதால்தானோ என்னவோ, நம் வீடுகளில் அதற்கு மதிப்பில்லை. 'வேறு எதுவும் கிடைக்கலேன்னா ஃபார்ம் சிக்ஸ் போகலாம்' என்ற சொல்லை முப்பது ஆண்டுகள் கேட்டுவிட்டேன். பிள்ளையை என் வகுப்பில் சேர்க்கும் நாளில், பிள்ளையின் முன்னாலேயே அந்த வார்த்தையைச் சொல்லும் தகப்பனைப் பார்த்திருக்கிறேன். அந்தப் பிள்ளை முதல் நாளே தோற்றவனாகத்தான் வகுப்புக்குள் வருவான்.

ஆறாம் படிவத்தின் மீது மக்களுக்குள்ள பயம் அதன் பொதுத்தேர்வான எஸ்.டி.பி.எம்.மின் பழைய முறையைப் பற்றியது. 1982இல் அந்தத் தேர்வு தொடங்கியது முதல் ஏறக்குறைய முப்பது ஆண்டுகள், இரண்டாண்டுப் படிப்பு முழுவதையும் கடைசியில் ஒரே மூச்சில் எழுத வேண்டியிருந்தது. அது கடினமான தேர்வுதான். என் மாணவர்கள் பலர் அதில் அடிபட்டதை நான் பார்த்தவன். ஆனால் 2012 முதல் முறையே மாறிவிட்டது. ஒன்றரை ஆண்டு, மூன்று பருவம். ஒவ்வொரு பருவத்தின் முடிவிலும் அந்தப் பருவத்துப் பாடத்துக்கு மட்டும் தேர்வு. பாடவேலைக்கும் மதிப்பெண் உண்டு. ஒரு தாளில் சறுக்கினால் அதைத் திரும்ப எழுதி மதிப்பெண்ணை உயர்த்திக்கொள்ளலாம். பல்கலைக்கழகத்தில் இருப்பதுபோல் நான்கு புள்ளி அளவீடுதான். இதை நான் சொல்லும்போது, 'எப்போ மாறிச்சு சார்?' என்று கேட்கிறார்கள். மாறிப் பத்தாண்டுக்கு மேல் ஆகிவிட்டது. நம் பயம் மட்டும் மாறவில்லை.

மெட்ரிகுலேஷன் ஓராண்டு, ஆறாம் படிவம் ஒன்றரை ஆண்டு. ஆறு மாதம் வித்தியாசம். அறுபது வயதுவரை வேலை செய்யப் போகிற பிள்ளைக்கு ஆறு மாதம் எவ்வளவு? அந்த ஆறு மாதத்துக்கு ஈடாக என்ன கிடைக்கிறது என்று பாருங்கள். எஸ்.டி.பி.எம். சான்றிதழை வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்கள் பல ஏற்கின்றன. உள்நாட்டு அரசாங்கப் பல்கலைக்கழகம், தனியார் பல்கலைக்கழகம் எல்லாம் ஏற்கின்றன. மெட்ரிகுலேஷனில் அறிவியல், கணக்கியல், பொறியியல் போன்ற துறைகள்தான் உண்டு. வரலாறு படிக்க ஆசைப்படும் பிள்ளைக்கு, புவியியலோ இலக்கியமோ விரும்பும் பிள்ளைக்கு அங்கே இடமில்லை. ஆறாம் படிவத்தில் உண்டு.

தமிழும் உண்டு. எஸ்.டி.பி.எம்.மில் தமிழ்மொழி ஒரு பாடம். தமிழ்ப்பள்ளியில் முதலாம் ஆண்டில் 'அ' எழுதிய பிள்ளை, ஆறாம் படிவத்தில் சங்க இலக்கியம்வரை தொடர்ந்து படித்து, மலாயாப் பல்கலைக்கழகத்தில் 1956இல் தொடங்கிய இந்திய ஆய்வியல் துறைக்கோ, தஞ்சோங் மாலிமில் உள்ள சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பிரிவுக்கோ போகலாம். அந்தத் தொடர்ச்சி அறுந்தால் நாளை தமிழ்ப்பள்ளிக்கும் இடைநிலைப் பள்ளிக்கும் ஆசிரியர் எங்கிருந்து வருவார்? ஆறாம் படிவத்தில் தமிழ் எடுக்க ஆள் இல்லை என்று ஒரு பள்ளியில் வகுப்பு நின்றால், அதை மீண்டும் தொடங்குவது எவ்வளவு பெரும்பாடு என்பதை நான் அனுபவித்தவன். எஸ்.பி.எம்.மில் தமிழுக்கு நல்ல தேர்ச்சி பெற்று ஆசிரியராக விரும்பும் பிள்ளைகளுக்கு ஆசிரியர் பயிற்சிக் கழகத்தின் வழியும் இருக்கிறது. எஸ்.பி.எம். முடிந்தவுடனே போகும் வழி அது. கேட்கும் தகுதி உயர்ந்தது, நேர்முகத் தேர்வும் உண்டு. ஆசிரியராக வேண்டும் என்ற ஆசை உள்ளே இருந்தால் மட்டும் போங்கள். 'அரசாங்க வேலை, சம்பளம் தவறாது' என்பதற்காக மட்டும் வகுப்பறைக்கு வருபவர் பிள்ளைகளுக்கு நன்மை செய்ய மாட்டார்.

பணம் பற்றிப் பேசுவோம். இதில்தான் நம் குடும்பங்கள் அதிகம் காயப்படுகின்றன.

தனியார் கல்லூரிகளின் அடித்தளப் படிப்பு ஓராண்டு. பல இடங்களில் கட்டணம் இருபதாயிரம் வெள்ளியைத் தாண்டும். கேம்பிரிட்ஜ் ஏ-லெவல் இன்னும் செலவாகும். நல்ல நிறுவனங்கள் இருக்கின்றன. கட்டணம் ஓரளவு தாங்கக்கூடிய உத்தார் போன்ற பல்கலைக்கழகங்கள் இருக்கின்றன. கெடாவில் நம் சமூகத்தின் முயற்சியால் எழுந்த ஏய்ம்ஸ்ட் பல்கலைக்கழகம் இருக்கிறது. வசதி உள்ளவர்கள் சேர்க்கட்டும். நான் பேசுவது வசதி இல்லாமல் சேர்ப்பவர்களைப் பற்றி.

என் மாணவி ஒருத்தி. எஸ்.பி.எம்.மில் ஏழு 'ஏ'. அப்பா லாரி ஓட்டுநர், அம்மா தொழிற்சாலையில் வேலை. ஆறாம் படிவத்தில் இடம் வந்தது. ஆனால் ஒரு தனியார் கல்லூரியின் கண்காட்சியில், அன்றே கையெழுத்துப் போட்டால் பதிவுக் கட்டணம் தள்ளுபடி என்று சொன்னார்கள். அம்மாவின் நகை அடகுக்குப் போனது. அடித்தளப் படிப்பை அந்தப் பிள்ளை நன்றாகவே முடித்தாள். முடித்த பிறகுதான், பட்டப்படிப்புக்கு ஆண்டுக்கு எத்தனை ஆயிரம் என்ற கணக்கு வீட்டுக்குப் புரிந்தது. சரி, அரசாங்கப் பல்கலைக்கழகத்துக்கு மாறலாம் என்று என்னிடம் வந்தார்கள். தனியார் கல்லூரி அடித்தளச் சான்றிதழை அரசாங்கப் பல்கலைக்கழகங்கள் பொதுவாக ஏற்பதில்லை, அம்மா என்று அவர்களிடம் சொல்ல வேண்டியிருந்தது. அந்தத் தாய் அழவில்லை. 'இதை ஒரு வருஷத்துக்கு முன்னாடி யாராச்சும் சொல்லியிருந்தா' என்று மட்டும் சொன்னார். அந்தப் பிள்ளை பிறகு வேலைக்குப் போய், பகுதிநேரமாகப் படித்து, பல ஆண்டு கழித்துப் பட்டம் வாங்கினாள். அவளுடைய உழைப்பு அது. அதற்காக நாம் செய்த தவற்றை மறக்கக் கூடாது. அந்தத் தாய்க்கு ஓராண்டுக்கு முன்னால் சொல்லியிருக்க வேண்டியவர்களில் நானும் ஒருவன். அதனால்தான் ஓய்வு பெற்ற பிறகும் ஊர் ஊராகப் போய்ச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

ஆகவே எந்தக் கல்லூரியில் சேர்ப்பதாக இருந்தாலும் சில கேள்விகளைக் கேளுங்கள். இந்த அடித்தளப் படிப்பை முடித்தால் இங்கே மட்டும்தான் பட்டம் படிக்க முடியுமா, வேறு எங்கும் ஏற்பார்களா? மலேசியத் தகுதி முகவாண்மை, அதாவது எம்.கியூ.ஏ., இந்தப் படிப்பை அங்கீகரித்திருக்கிறதா? அதன் பதிவேட்டை யார் வேண்டுமானாலும் இணையத்தில் பார்க்கலாம். நான்காண்டு முடியும்வரை மொத்தம் எவ்வளவு? பி.டி.பி.டி.என். உயர்கல்விக் கடன் கிடைக்கும் என்று சொன்னால், எந்த ஆண்டிலிருந்து, எந்தப் படிப்புக்கு, எவ்வளவு என்று பி.டி.பி.டி.என். அலுவலகத்திலேயே நேரில் கேளுங்கள். கல்லூரி முகவரிடம் கேட்காதீர்கள். உபகாரச்சம்பளம் என்று சொன்னால், அதைத் தக்க வைத்துக்கொள்ள ஒவ்வொரு பருவத்திலும் எவ்வளவு மதிப்பெண் வேண்டும் என்று எழுத்தில் வாங்குங்கள். பதில் சொல்லத் தயங்கும் இடத்தில் பணம் கட்டாதீர்கள்.

மருத்துவம் பற்றி ஒரு வார்த்தை. நம் வீடுகளில் பிள்ளை பிறந்தவுடனே அது டாக்டர். மருத்துவம் உயர்ந்த பணி, அதில் ஐயமில்லை. ஆனால் படித்து வந்தால் அரசாங்க நிரந்தர வேலை உறுதி என்ற காலம் 2016இன் இறுதியோடு முடிந்தது. அதன் பிறகு புதிய மருத்துவர்கள் ஒப்பந்த அடிப்படையில்தான் சேர்கிறார்கள். 2021 ஜூலையில் ஒப்பந்த மருத்துவர்கள் நாடு முழுவதும் வேலையை விட்டு வெளியே வந்து நின்றதை நீங்கள் தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள். பிள்ளைக்கு நோயாளியிடம் இருக்கும் ஈடுபாடு தெரிந்தால் அனுப்புங்கள். உறவினர் வீட்டுக் கல்யாணத்தில் சொல்லிக்கொள்வதற்காக வீட்டை அடமானம் வைத்து அனுப்பாதீர்கள்.

மதிப்பெண் குறைந்த பிள்ளைகளைப் பற்றிப் பேசாமல் இந்த உரையை முடிக்க முடியாது. அவர்களும் இந்த அறையில் இருக்கிறார்கள். அவர்கள் தலை குனிந்திருப்பது எனக்குத் தெரிகிறது. நிமிர்ந்து உட்காருங்கள், தம்பி. உங்கள் ஊருக்குப் பக்கத்தில்தான் பன்னாட்டு விமான நிலையம் இருக்கிறது. 1998இலிருந்து இயங்குகிறது. விமானம் ஓட்டுகிறவர்கள் மட்டுமா அங்கே வேலை செய்கிறார்கள்? விமானப் பராமரிப்பைச் சிறப்புத் துறையாகக் கொண்ட பாலிடெக்னிக் பந்திங்கில் இருக்கிறது. பாலிடெக்னிக் டிப்ளோமாவுக்கு ஒரு பருவத்துக் கட்டணம் சில நூறு வெள்ளிதான். டிப்ளோமா முடித்துப் பட்டப்படிப்புக்கும் போகலாம். சமூகக் கல்லூரிகள், தொழிற்பயிற்சிக் கழகங்கள், சிரம்பானில் டேஃப் கல்லூரி, பள்ளியை விட்டு நின்ற பிள்ளைகளைக்கூட எடுத்து ஆளாக்கும் கலும்பாங்கின் மைஸ்கில்ஸ் அறவாரியம் என்று இடங்கள் இருக்கின்றன. மின்னியல், குளிர்சாதனம், பற்றவைப்பு இவற்றில் சான்றிதழ் பெற்று நன்றாக வாழும் என் பழைய மாணவர்கள் பலர். என் வீட்டு மின்சார வேலைக்கு வருபவர் என் மாணவர். அவர் வரும்போது நான் எழுந்து நின்று வரவேற்கிறேன்.

ஆனால் ஒன்று. மலாய் மொழியில் கிரெடிட் இல்லையென்றால் பல வழிகள் அடைபடும். மலாய் மொழியிலும் வரலாற்றிலும் தேர்ச்சி பெறாதவருக்கு எஸ்.பி.எம். சான்றிதழே கிடையாது. இந்த இரண்டிலும் சறுக்கியவர்கள் அந்தப் பாடத்தை மட்டும் மறுபடி எழுதிக்கொள்ளும் வாய்ப்பு இருக்கிறது. வெட்கப்படாமல் எழுதுங்கள். 1982இல் டாக்டர் தம்பிராஜா தொடங்கிய ஶ்ரீ முருகன் கல்வி நிலையம் தோட்டப்புறப் பிள்ளைகள் எத்தனை ஆயிரம் பேரை இப்படித் தூக்கி நிறுத்தியது என்று உங்கள் மாமா, அத்தைகளைக் கேளுங்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் நோட்டுப் புத்தகத்தோடு பேருந்து ஏறிப் போனவர்கள்தான் இன்று நம்மில் வழக்கறிஞர்கள், பொறியியலாளர்கள். அவர்களில் மிகப் பலர் ஆறாம் படிவத்தின் வழியாகத்தான் பல்கலைக்கழகம் போனார்கள்.

பெண்பிள்ளைகளைப் பெற்றவர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். மெட்ரிகுலேஷனில் தூரத்து மாநிலத்தில் இடம் வந்தது, பெண் பிள்ளையைத் தனியாக அனுப்ப மாட்டோம் என்று மறுத்த குடும்பங்களை எனக்குத் தெரியும். அந்தக் கவலையை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் அனுப்ப மாட்டோம் என்றால் அதற்கு மாற்று என்ன என்பதையும் அன்றே சொல்லுங்கள். பக்கத்துப் பள்ளியின் ஆறாம் படிவம் இருக்கிறது. வீட்டிலிருந்தே போய் வரலாம். 'இப்போதைக்கு ஏதாவது வேலைக்குப் போகட்டும், அப்புறம் பார்ப்போம்' என்ற பதில் மட்டும் வேண்டாம். அந்த 'அப்புறம்' வருவதை நான் அதிகம் பார்த்ததில்லை. பேரங்காடியின் கல்லாவில் உட்கார்ந்திருக்கும் என் பழைய மாணவிகள் என்னைப் பார்த்ததும் கண்ணைத் தாழ்த்திக்கொள்கிறார்கள். அவர்கள் தாழ்த்திக்கொள்ள வேண்டிய காரணம் எதுவும் இல்லை.

பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள். புறப்பாட நடவடிக்கையை விளையாட்டு என்று எண்ணி விட்டுவிடாதீர்கள். பல்கலைக்கழக நுழைவில் கல்வித் தேர்ச்சிக்குத் தொண்ணூறு விழுக்காடு, புறப்பாடத்துக்குப் பத்து விழுக்காடு. கடைசி இடத்துக்குப் போட்டி நடக்கும்போது அந்தப் பத்துதான் ஒருவரை உள்ளே விடுகிறது, இன்னொருவரை வெளியே நிறுத்துகிறது. தமிழ்மொழிக் கழகத்தில் செயலாளராக இருந்தீர்களா, கபடியில் மாவட்டத்துக்கு ஆடினீர்களா, சான்றிதழைப் பத்திரப்படுத்துங்கள். ஆறாம் படிவத்தில் சேர்ந்த பிறகும் இது தொடர வேண்டும்.

இன்னொன்று, விண்ணப்பங்கள். முடிவு வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று இருப்பவர்கள் நம்மில் மிக அதிகம். அரசாங்கப் பல்கலைக்கழகங்களுக்கு யு.பி.யூ. வழியான விண்ணப்பமும் மெட்ரிகுலேஷன் விண்ணப்பமும் முடிவு வருவதற்கு முன்பே திறந்துவிடுகின்றன. இரண்டையும் போடுங்கள். ஒன்று கிடைத்தால் இன்னொன்றை விட்டுவிடலாம். போடாதது கிடைக்காது. விண்ணப்பத்தை சைபர் கஃபேயில் யாரோ ஒருவரிடம் கொடுத்து நிரப்பச் சொல்லாதீர்கள். பிள்ளையே உட்கார்ந்து நிரப்பட்டும், பக்கத்தில் நீங்கள் இருங்கள். எந்தத் துறையை முதலில் போடுவது, எதை இரண்டாவதாகப் போடுவது என்று அந்த ஒரு மணி நேரத்தில் நீங்கள் பேசும் பேச்சு, பதினேழு வருடத்தில் உங்கள் பிள்ளையோடு பேசியதைவிட அதிகமாக இருக்கலாம்.

பெற்றோர்களே, உங்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். முடிவு வந்ததும் முதலில் ஆறாம் படிவ இடத்தைச் சரிபாருங்கள். பதிவு நாளில் பிள்ளையைப் பள்ளிக்கு அழைத்துப் போய்ச் சேர்த்துவிடுங்கள். மெட்ரிகுலேஷன் பிறகு வந்தால் மாறிக்கொள்ளலாம், வேறு நல்ல வாய்ப்பு வந்தால் போகலாம். அதுவரை பிள்ளை வகுப்பறையில் இருக்கட்டும். அந்த இடத்தை உறுதி செய்வதற்கு முன்னால் எந்தக் கல்லூரிக்கும் ஒரு வெள்ளிகூட முன்பணம் கட்டாதீர்கள். சந்தேகம் இருந்தால் இந்தக் கூட்டம் முடிந்ததும் வாருங்கள். எவ்வளவு நேரமானாலும் நான் இங்கே இருக்கிறேன்.